எதுவும் பழுதாகாத பரீட்சை

விமானிகளுக்குப் பரீட்சை முடிவதே இல்லை. பள்ளிக்கூடம் விட்டவனுக்கு நிம்மதி உண்டு, கல்லூரி விட்டவனுக்கு நிம்மதி உண்டு. எங்களுக்கு மட்டும் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் ஏறி, விமானம் ஓட்டத் தெரியும் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் அந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தவன், பிற்பாடு பல வருஷம் நடத்தியவன். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் நடத்துவதுதான் என்பேன். பரீட்சைக்கு உட்காருகிறவனுக்குத் தன் கவலை ஒன்றுதான்.

ஓய்வு பெற்றதும் ஆலங்காயத்துக்கே வந்துவிட்டேன். பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவே பறக்கிற விமானங்கள் ஜவ்வாது மலையைத் தாண்டி எங்கள் தலைக்கு மேலேதான் போகின்றன. எஞ்சின் சத்தம் தணிந்தால் இறங்க ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். 'இவன் கொஞ்சம் சீக்கிரம்', 'இவனைக் கட்டுப்பாட்டு அறைக்காரன் மேலேயே பிடித்து வைத்திருக்கிறான்' என்று வாய் தானாக முணுமுணுக்கும். "வேலைய விட்டு வந்தாச்சி, இன்னும் இன்னா அண்ணாந்து பார்த்துக்கினு" என்று என் மனைவி திட்டுவாள். அவள் திட்டுவது நியாயம்தான். ஆனாலும் விட முடியவில்லை.

போன மாதம் ஷாலினி போன் செய்தாள். ஒரு காலத்தில் எங்களிடம் துணை விமானியாக இருந்தவள், இப்போது அவளே கேப்டன், பயிற்சியாளர். "சார், புதுசா பயிற்சியாளர்கள் வந்திருக்காங்க. பழைய பரீட்சையை எதுக்கு எடுத்தோம், ஈ.பி.டி.ன்னு இதை எதுக்குக் கொண்டு வந்தோம்னு கேக்கறாங்க. சம்பந்தம் சார் விஷயத்தைச் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"சொல்லு, ஆனா முழுக்கச் சொல்லு. பாதியில நிறுத்தினா அவர் தோத்தவர்னு ஆயிடும்" என்றேன்.

போனை வைத்த பிறகு, அதை நானே எழுதிவிடலாமே என்று தோன்றியது. சம்பந்தம் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எழுதிக்கோ தம்பி. நான் நல்லா எறக்குவேன்னு ஒரு வரி மறக்காம போட்டுடு" என்றார். அந்த வரியை இப்போதே போட்டுவிடுகிறேன்: சம்பந்தம் அண்ணனைப் போல விமானத்தை இறக்குகிறவரை நான் பார்த்ததில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சின்ன விமானத்தில் வாந்தி எடுத்தேன், பாடங்களை நெட்டுருப் போட்டேன், வேலை கிடைக்காமல் அலைந்தேன், ஒருவழியாகப் பெரிய விமானத்தின் வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். அங்கே இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்தான் கேப்டன் சம்பந்தம். வாட்டசாட்டமான ஆள், காது கேளாதவரிடம் பேசுகிற மாதிரிச் சத்தமாகப் பேசுவார். கட்டுப்பாட்டு அறையோடு ரேடியோவில் இங்கிலீஷில் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா ஊரு தம்பி?"

"ஆலங்காயம் சார்."

"அட, மலைக்கு அந்தாண்டயா! நான் இந்தாண்ட, கலசப்பாக்கம் பக்கம். சார்லாம் வெளிய வெச்சிக்கோ, இங்க அண்ணன்னு கூப்டு."

அன்றைக்குச் சென்னையில் காற்று தாறுமாறாக அடித்தது. அவர் ஏதோ பேசிக்கொண்டே இறக்கினார். சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்று எனக்கே தெரியவில்லை. கூடப் பறக்கிற நாளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். இறங்க வந்துவிட்டு இறங்காமல் மேலேறிச் சுற்றி வருவதற்கு எங்கள் தொழிலில் 'கோ அரவுண்ட்' என்று பேர். அவர் தன் சர்வீஸில் நிஜமான பயணத்தில் ஒரு தடவைகூட அதைச் செய்ததில்லை. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. "எறங்க வந்தவன் எறங்கணும். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறதுக்கு இன்னாத்துக்குக் கெளம்பணும்?" என்பார். நாங்கள் இளசுகள் சிரிப்போம். எங்களுக்கும் அவரைப் போல ஆக வேண்டும் என்றுதான் ஆசை.

பழைய பரீட்சையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். சிமுலேட்டர் என்பது விமானி அறையை அப்படியே பெயர்த்து எடுத்து, ஆட்டி அசைக்கிற கால்களின் மேல் நிறுத்திய பெட்டி. ஜன்னலில் தெரிகிற உலகம் திரையில் ஓடும். விமானிகளுக்குப் பின்னால் பரீட்சகர் உட்கார்ந்துகொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுப் பழுதுகளைக் கொடுப்பார். எங்கள் பேச்சில் 'கொடுப்பது' என்றுதான் சொல்வோம். ஓடுபாதையில் வேகமெடுத்து, இனி நிறுத்த முடியாது என்கிற கட்டத்தில் ஓர் எஞ்சினைக் கொடுப்பார், அதாவது அணைத்துவிடுவார். ஒற்றை எஞ்சினோடு ஏற வேண்டும், ஒற்றை எஞ்சினோடு சுற்றி வந்து இறங்கப் போக வேண்டும், ஓடுபாதையில் ஏதோ நிற்கிறது என்பார், அதே ஒற்றை எஞ்சினோடு மறுபடி ஏற வேண்டும். அப்புறம் தீ, அப்புறம் புகை. வருஷா வருஷம் இதே சாப்பாடு, இதே பரிமாறுகிற வரிசை.

எந்தப் பரீட்சகர் எப்போது எதைக் கொடுப்பார் என்பது கேன்டீன் வரைக்கும் தெரியும். ஒருவர் பரீட்சை முடித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், உள்ளே போகிறவர் கேட்கிற முதல் கேள்வி, "எஞ்சின் எப்போ குடுக்கறார்?" வந்தவர் விலாவாரியாகச் சொல்வார். இதை யாரும் காப்பியடிப்பதாக நினைத்ததே இல்லை. கல்யாண வீட்டில் எந்தப் பந்தியில் கூட்டம் குறைவு என்று தெரிந்தவர்களுக்குச் சொல்கிற மாதிரி, நல்ல மனதோடுதான் சொல்லிக்கொண்டோம். சம்பந்தம் அண்ணன் எல்லோருக்கும் சொல்வார், எல்லோரும் அவருக்குச் சொல்வார்கள். அவர் பரீட்சை ஒவ்வொன்றும் பாடப் புத்தகம் மாதிரி இருக்கும்.

இந்த நிம்மதியைக் கெடுக்க வந்தவர் கேப்டன் தேசிகன். எங்கள் பயிற்சித் தலைவர், எனக்கு நேர் மேலதிகாரி. ஒல்லியான மனிதர். சிமுலேட்டர் கூடம் குளிரும் என்பதால் சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டரோடு வருவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குரலைத் தாழ்த்தினால்தான் எங்களுக்குப் பயம்.

விமானத்தில் ஒவ்வொரு பயணத்திலும் வேகம், உயரம், விமானி அசைத்த கைப்பிடி எல்லாமே பதிவாகின்றன. உலகமெங்கும் அப்படிப் பதிவானதை எடுத்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். எஞ்சின் நிற்பது அபூர்வம். ஆனால் வேகமும் உயரமும் சரியாக அமையாமல் இறங்க வந்து, மேலேறிப் போகாமல் எப்படியோ இறக்கிவிடுவது ஊரெல்லாம் நடந்துகொண்டிருந்தது. தரைக்கு ஆயிரம் அடி இருக்கும்போது எல்லாம் அமைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கோ அரவுண்ட் என்பது விதி. விதியை எல்லோரும் ஒப்பிப்பார்கள், செய்கிறவர்கள் சொற்பம்.

"வர்ற வியாதிக்கு மருந்து குடுக்காம, வராத வியாதிக்கு வருஷா வருஷம் ஊசி போட்டுக்கிட்டிருக்கோம்" என்றார் தேசிகன். அப்படித்தான் எங்கள் நிறுவனத்தில் ஈ.பி.டி. நுழைந்தது. சான்றுகளைப் பார்த்து, அதற்குத் தக்கபடி பயிற்சி கொடுப்பது. முதலில் ஒரு சாதாரணப் பயணத்தைக் கொடுத்து, விமானி எப்படி யோசிக்கிறார், எப்படிக் காது கொடுக்கிறார், பக்கத்தில் இருப்பவரோடு வேலையை எப்படிப் பகிர்ந்துகொள்கிறார் என்று பார்க்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பயிற்சி. என்ன வரப்போகிறது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கேன்டீனில் இதை எதிர்த்து ஒரு மாநாடே நடந்தது.

சிமுலேட்டர் முடிந்ததும் நடக்கிற பேச்சையும் தேசிகன் மாற்றினார். அதற்கு முன்பு நாங்கள் எதிரே உட்கார்ந்து, தப்புகளை வரிசையாகச் சொல்லி, அவர்கள் தலையாட்ட, கைகுலுக்கி அனுப்பிவிடுவோம். தேசிகன் மேஜைக்கு எதிர்ப்பக்க நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டார். பயிற்சியாளரும் விமானிகளும் ஒரே பக்கம் உட்கார வேண்டும். முதலில் டீ. பிறகு ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். விமானிகள் பதில் சொல்லாமல் முழித்தாலும் நாங்கள் உதவிக்குப் போகக் கூடாது. அந்த மௌனத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது. இன்னொன்றும் செய்வார். சிமுலேட்டரில் பதிவானதைத் திரும்பப் போடும்போது சில இடங்களில் படத்தை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்க வைப்பார். "படத்துல எல்லாரும் தன்னோட கையைத்தான் பார்க்கறாங்க" என்பார்.

புது முறையில் சம்பந்தம் அண்ணன் முதன்முதலாக வந்த நாளில் பயிற்சியாளர் நான். வலப்பக்கம் ஷாலினி. அவள் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, அண்ணனைப் பார்த்தாலே எழுந்து நிற்பாள். அவர் ஓய்வு பெறக் கொஞ்ச மாதங்கள்தான் பாக்கி இருந்தன. உள்ளே ஏறும்போது என் காதருகே குனிந்தார். "எந்தப் பக்கத்து எஞ்சின்? சும்மா சொல்லு."

"தெரியாதுண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நான் கொடுத்தது சாதாரணமான பயணம். நல்ல பகல் வெளிச்சம். எந்த எஞ்சினையும் தொடவில்லை, ஒரு விளக்கைக்கூட எரியவிடவில்லை. கட்டுப்பாட்டு அறைக்காரனாக நானே பேசி, இறங்க அனுமதி கொடுப்பதைக் கொஞ்சம் தாமதித்தேன். விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி லேசாகக் காற்றைக் கொடுத்தேன். அவ்வளவுதான். பக்கவாட்டில் சாய்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தேன். எஞ்சின் போகப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தார். கால்கள் மிதியில் தயாராக இருந்தன, கண் எஞ்சின் முட்களை விட்டு நகரவில்லை. விமானம் உயரமாகவும் வேகமாகவும் ஓடுபாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"ஸ்பீட்" என்றாள் ஷாலினி. பதில் இல்லை. ஆயிரம் அடியில் விதிப்படி, "சரியா அமையல சார்" என்று இங்கிலீஷில் சொன்னாள். பிறகு அவள் குரல் உடைந்துகொண்டு வந்தது. "கோ அரவுண்ட், சார்."

அண்ணன் வலக்கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, குழந்தையை அமர்த்துகிற மாதிரிக் காற்றில் தட்டினார். "இருக்கட்டும்மா."

விமானம் ஓடுபாதையில் பாதிக்கு மேல் மிதந்துபோய்த் தொட்டது. அவருடைய கை என்பதால் அப்போதும் மெத்தென்றுதான் தொட்டது. பிரேக்கை முழுக்க மிதித்தார். ஓடுபாதையின் கடைசி விளக்குகளைத் தாண்டி, மூக்குப்பக்கம் புல்லில் இறங்கி நின்றது. கொஞ்சம் எட்டினாற்போல விமான நிலையத்து மதில், அதற்கு அப்பால் சாலை, வீடுகள். திரைதான், எல்லாம் பொய்தான். ஆனாலும் நான் அந்த வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "ரன்வே கொஞ்சம் சின்னதா வெச்சிட்ட போல கீது. சரி, எஞ்சின் எப்போ குடுப்பே தம்பி?"

பரீட்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார் அவர்.

அன்றைக்கு தேசிகனும் வந்து உட்கார்ந்தார். டீ வந்தது. படத்தை அணைத்துவிட்டுக் கடைசிச் சில நிமிஷங்களின் சத்தத்தை மட்டும் போட்டார். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே ஷாலினியின் குரல், கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, 'சார்' என்று கெஞ்சி நின்றது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ணு இத எப்போ சொல்லிச்சி?"

தேசிகன் திரும்பப் போட்டார். இந்தத் தடவை அவருடைய குரலும் கேட்டது. இருக்கட்டும்மா.

"நானா சொன்னேன்?" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் காதில் விழவே இல்லை. எஞ்சினுக்காகக் காத்திருந்த காதில் வேறெதுவும் நுழையவில்லை. அவள் சொன்னதும் விழவில்லை, தான் சொன்னதும் விழவில்லை. அண்ணன் டீயைத் தொடாமல் எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஷாலினி அழுதுகொண்டிருந்தாள்.

மேலே அறைக்குப் போனதும் தேசிகன் குரலைத் தாழ்த்தினார். "அவர் உங்க பக்கத்து ஊர்க்காரர். உங்களுக்கு குரு மாதிரி. தேறலைன்னு முடிவை நீங்களும் எழுதலாம், நானும் எழுதலாம். யார் எழுதினா அவர் திரும்பி வருவார்னு மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க."

கொஞ்ச மாதம்தானே, கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமே என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அந்தக் கொஞ்ச மாதமும் அவர் பின்னால் ஜனங்கள் உட்கார்ந்து வருவார்களே என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நான் எழுதினேன். கூடுதல் பயிற்சி முடித்துத் தேறும் வரை விமானம் ஓட்ட அனுமதி இல்லை. அவர் சொல்லிக்கொடுத்த கையால்தான் எழுதினேன்.

அண்ணன் போனை அணைத்துவிட்டார். ராஜினாமா செய்யப்போகிறார் என்று பேச்சு பரவியது. ஜமுனாமரத்தூர் தாண்டி மலைமேல் அவர் கொஞ்சம் நிலம் வாங்கி, சின்னதாக ஒரு வீடும் கட்டியிருந்தார். லீவு போட்டுவிட்டு ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறினேன்.

அவர் மனைவி விஜயா அண்ணிதான் வாசலுக்கு வந்தார். "வா தம்பி. கொல்லையில கீறாரு. வந்ததுலேர்ந்து சாமையோடதான் பேச்சு, மனுசங்களோட இல்ல."

அண்ணன் வரப்பில் உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்யாமல் நரைத்துக் கிடந்தது. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை, பார்க்கப் பொறுக்கவில்லை.

"இன்னா, பாடம் நடத்த மலையேறி வந்துட்டியா?"

"சாப்பிட வந்தேண்ணே."

"வூட்ல சோறு கீது, துன்னுட்டுப் போ. நான் வர்லப்பா. எம் மருமவப்புள்ள கேட்டா இன்னா சொல்றது? மாமனாரு பெயிலுன்னா? எத்தினி பேருக்குச் சொல்லிக் குடுத்தவன் நானு!"

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எதையும் அவர் காதில் வாங்கவில்லை. கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, ராஜினாமா பண்ணுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, சாமை விதைச்சிக்கினு இருப்பீங்க. அந்தப் பொண்ண நெனச்சிப் பாத்தீங்களாண்ணே? வாயத் தொறந்து சொன்னதாலதான் சம்பந்தம் சார் வேலைய வுட்டாருன்னு அதுக்கு மனசுல இருக்கும். இனிமே எந்தக் கேப்டன்கிட்டயாவது அது வாயத் தொறக்குமா? நாளைக்கு ஒருத்தன் நெசமாவே ரன்வேயத் தாண்டி ஓடும்போது பக்கத்துல வாய மூடிக்கினு உக்காந்திருக்கும்."

அவர் மண்ணைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

சாமைச் சோறும் கொள்ளு ரசமும் சாப்பிட்டு முடித்ததும், அண்ணனும் அண்ணியும் என்னோடு கீழே வந்தார்கள். அவர்கள் கார் ஆலங்காயத்தில் மெக்கானிக்கிடம் கிடந்தது, அதை எடுக்க வேண்டும். பஸ்ஸில் பலாப்பழ மூட்டைகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்தோம். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்துவிட்டது. பஸ்ஸுக்கு வளைவு ஒரே மூச்சில் கிடைக்கவில்லை. டிரைவர் நிறுத்தி, கண்டக்டர் விசிலுக்குப் பின்னால் எடுத்து, மறுபடி திருப்பிக்கொண்டு போனார். வண்டியில் ஒருவரும் பேச்சை நிறுத்தவில்லை. அது அந்தப் பாதையில் தினப்படி நடப்பது.

விஜயா அண்ணி என் பக்கம் சாய்ந்து, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "இதே எங்க வூட்டுக்காரரா இருந்தா ரிவர்ஸ் போடுவாருன்ற? மாட்டாரு தம்பி. அப்டியே பள்ளத்துல வுட்டுட்டு, எவ்ளோ மெத்துன்னு எறக்கினேன் பாருன்னுவாரு."

முன் இருக்கையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. அண்ணன் முகம் கடுகடுவென்று ஆகி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. கீழே வரும் வரைக்கும் எங்கள் இருவரோடும் பேசவில்லை. ஆலங்காயம் பஸ் நிலையத்தில் இறங்கி நடக்கும்போது மட்டும், என்னைப் பார்க்காமல் கேட்டார். "ட்ரெய்னிங்கு யாரு குடுப்பா? நீயா, அந்த ஸ்வெட்டர்காரனா?"

ஸ்வெட்டர்காரர்தான் கொடுத்தார். எஞ்சின்கள் இரண்டும் நன்றாக இருக்கும்போது செய்கிற கோ அரவுண்ட் சுலபம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். ஒற்றை எஞ்சினோடு அதைப் பரீட்சைக்குப் பரீட்சை செய்து பழகியவருக்கு, இரண்டின் முழு வேகமும் சேர்ந்து உதைக்கும்போது கை திணறும். மூக்கு விசுக்கென்று தூக்கும், நிற்க வேண்டிய உயரத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும், சக்கரத்தை உள்ளே இழுக்க மறந்துபோகும். அண்ணன் எல்லாத் தப்பையும் செய்தார், ஒன்று விடாமல். கை வேலை படிந்ததும் தேசிகன் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். ஷாலினியையே பக்கத்தில் உட்கார வைத்து, அவள் எதைச் சொன்னாலும் அண்ணன் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். "ஸ்கூல் புள்ள மாதிரி ஒப்பிக்கச் சொல்றான்யா" என்று என்னிடம் புலம்பினார். ஆனாலும் ஒப்பித்தார். தேறினார். தேசிகன் அவரோடு கைகுலுக்கிவிட்டு, என்னிடம் எதுவும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார். அது அவருடைய பாராட்டு.

கடைசிப் பயணத்துக்கு அண்ணன் துணை விமானியாக ஷாலினியைக் கேட்டு வாங்கினார். பெங்களூரிலிருந்து சென்னைக்கு. விஜயா அண்ணி, மகள், மருமகன், எனக்கும் ஓர் இருக்கை. ஒரு கேப்டனின் கடைசி இறக்கம் என்றால் எங்கள் தொழிலில் அது கல்யாணம் மாதிரி. கீழே தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் நின்று தண்ணீரைப் பீய்ச்சி வரவேற்கும், மாலையோடு ஆட்கள் நிற்பார்கள். அந்த ஓர் இறக்கத்தைத்தான் ஊரே பேசும். எப்படி இறக்கப்போகிறார் என்று பார்க்கத்தான் நானும் ஏறினேன்.

மத்தியான வெயில். சென்னையில் மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்ததால், நகரத்தைக் கடந்து கடலுக்கு மேலே போய்த் திரும்பி, கடல் பக்கமிருந்து இறங்கினோம். கீழே கட்டடங்கள் வரத் தொடங்கின. அந்த நேரத்தில்தான் கடற்காற்று புகுந்தது. எனக்கு முதுகில் தெரிந்துவிட்டது. பின்னாலிருந்து தள்ளுகிறது, வேகம் குறைய மறுக்கிறது, நாம் உயரமாக இருக்கிறோம். என் கைகள் இருக்கையின் பிடியை இறுக்கின. இன்னும் இறங்கிக்கொண்டிருந்தோம். அவரால் இதை இறக்கிவிட முடியும். அந்தக் கைகளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. அதுதான் எனக்குப் பயம். வேண்டாம்ணே, வேண்டாம்ணே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எஞ்சின்கள் முழு வீச்சில் இரைந்தன. மூக்கு உயர்ந்தது. அளவாக உயர்ந்தது, சக்கரம் உள்ளே போகிற சத்தமும் நேரத்துக்குக் கேட்டது. ஓடுபாதையும் தீயணைப்பு வண்டிகளும் கீழே நழுவிப்போயின. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

விமானத்துக்குள் சலசலப்பு. யாரோ சாமி பேரைச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணனின் குரல் வந்தது. இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டு, தமிழில் அவருடைய பேச்சிலேயே சொன்னார். "எறங்கறப்ப வேகம் ஜாஸ்தியா கீதுன்னு நம்ம துணை விமானி ஷாலினி சொன்னாங்க. அவங்க சொன்னது சரிங்க. அதனால எறங்கல. சுத்திக்கினு இன்னொரு தபா வர்றோம். சிரமத்துக்கு மன்னிச்சிக்கோங்க."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெங்களூரில் ஏறியதிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு பொண்ணு சொல்லித்தான் இவனுக்கு வேகம் தெரியுதா? ஓட்டத் தெரியாதவனையெல்லாம் உக்கார வெச்சிருக்காங்க!" என்றார் சத்தமாக.

முன்வரிசையிலிருந்து விஜயா அண்ணி மெல்லத் திரும்பினார். நான் எழுந்து சமாதானம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள், அந்த ஆளைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரருதாங்க ஓட்றாரு. ரொம்ப வருசமா ஓட்றாரு. இன்னிக்குத்தான் நல்லா ஓட்றாரு."